பாரிஸ் பாஸ்டில் சதுக்கத்து ரயில் நிலையம்: இப்போது என்ன மிச்சம்?

வரைபடப்பித்து:
பழைய பாரிஸ் வரைபடங்கள்ல பாஸ்டில் சதுக்கத்தை ஒட்டியே ஒரு ரயில் நிலையம் இருக்கு. இன்னைக்கு அங்கே ஓபரா அரங்கம். ஓபராவுக்காகத்தான் ஸ்டேஷனை மூடினாங்களா? 1789 பிரெஞ்சுப் புரட்சியில விழுந்த பாஸ்டில் கோட்டை, இந்த ஸ்டேஷன் ரெண்டுலயும் கண்ணால பாக்குற மாதிரி ஏதாவது மிச்சம் இருக்கா? நான் கிளம்புறது வட பாரிஸ்ல லா சப்பல் பக்கத்துலேர்ந்து.

தண்டவாளம்:
இல்லைங்க, ஸ்டேஷன் மூடினது 1969 டிசம்பர் 14. ஓபராங்கிற பேச்சே 1980களில் வந்ததுதான். இடைப்பட்ட காலத்துல கட்டடத்துல கண்காட்சி நடந்துச்சு, 1984ல இடிச்சாங்க. ஓபரா திறப்பு விழா 1989 ஜூலை 13.

ஸ்டேஷனைக் கொன்னது ஆர்.இ.ஆர்.ங்கிற புறநகர் விரைவு ரயில். 1859ல திறந்த, கிழக்குப் புறநகர் வேன்சேன் பக்கம் போற பாதைக்கு பாஸ்டில்தான் கடைசி. அதுக்கு மேல தண்டவாளம் போக வழியில்ல, எல்லாரும் இறங்கி மெட்ரோ பிடிக்கணும். கடைசி வரைக்கும் நீராவி இன்ஜின் வேற! பாரிஸோட கிழக்குல இருக்குற நாசியோன்லேர்ந்து புதுசா சுரங்கம் தோண்டி, வேன்சேன் பக்கம் பழைய பாதையோட சேர்த்துட்டாங்க. அதனால புறநகர்ப் பகுதி இன்னைக்கும் ஆர்.இ.ஆர். ஏ லைனா ஓடுது. பாஸ்டில்–வேன்சேன் துண்டுதான் அநாதையாச்சு.

கல்லும்மண்ணும்:
லா சப்பல்லேர்ந்து கார் து நோர் ரயில் நிலையம் நடக்குற தூரம். அங்கே மெட்ரோ 5, பிளாஸ் திதாலி திசை. பாஸ்டில்ல இறங்கினதும் மேலே ஓடாதீங்க. பிளாட்பாரத்துலயே கோட்டையோட கல் இருக்கு, உங்க பக்கம் தெரியலேன்னா எதிர்ப்பக்கம் பாருங்க. கோட்டை இருந்த எல்லையைக் காட்ட தரையில மஞ்சள் கோடும் உண்டு. பலரும் அந்தக் கல்லைக் கோட்டைக் கோபுரம்னு போட்டோ போடுறாங்க. அது அகழியோட வெளிச்சுவர். கோபுரத்தோட அடித்தளம் 1899ல மெட்ரோ 1 தோண்டும்போது கிடைச்சது. அதைப் பெயர்த்து, சேன் ஆத்தோரம் ஆன்றி கல்லி பூங்காவுல வச்சிருக்காங்க.

சதுக்கத்து நடுவுல நிக்கிற தூணும் 1789க்கு வச்சதில்ல, 1830 ஜூலைப் புரட்சிக்கு. கீழ் வட்டப் பீடம் நெப்போலியன் திட்டமிட்ட யானை நீரூற்றுக்குப் போட்டது. வெண்கல யானை வரவே இல்ல. சுண்ணச் சாந்துல முன்மாதிரியா செஞ்ச யானை மட்டும் 1846 வரைக்கும் எலிக்கு வீடா நின்னுச்சு. தூணுக்கு அடியில சேன் மார்த்தான் கால்வாய் ஓடுது.

தண்டவாளம்:
ஸ்டேஷனோட முகப்பு லியோன் தெருவுக்கும் ஷாரந்தோன் தெருவுக்கும் நடுவுல மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருந்த முனை. பழைய போட்டோவைத் தூணை வச்சு ஒப்பிடுங்க. ஆனா 2020க்கு முந்தின படங்கள்ல தூண் வண்டிகளுக்கு நடுவுல தீவு மாதிரி இருக்கும். இப்ப தெற்குப் பக்கம் நடந்தே போகலாம்.

பாதையோட உண்மையான மிச்சம் ஓபராவுக்குப் பின்னாடி, தோமேனில் அவென்யூவுல: செங்கல் வளைவுகள் மேல ரயில் போன இடம் இப்ப நடைபாதைத் தோட்டம். வளைவுகளுக்குள்ள பட்டறை, கடை. மேலே ஏறப் படிக்கட்டு உண்டு, சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ரெய்யி தோட்டம் வரைக்கும் போனாப் போதும், அதோட வளைவுகள் முடிஞ்சுடும்.