தட்டை அன்ரனா: கடலிலோ ரோட்டிலோ பாவித்தவர்கள் உங்கள் கதையையும் போடுங்கள்

வயரிங்காரன், வாழைச்சேனை

துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகளுக்கு வயரிங் செய்கிறேன். பற்றரி, டைனமோ, பேசும் செட், இவ்வளவுதான் என் உலகம். செய்மதி வழியாக இன்ரர்நெட் தருகிற ஸ்ரார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கின பிறகு ஒரு முதலாளி பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, இதக் கூரையில பூட்டிவிடு." திறந்தால் சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பலகை. தூக்கினால் ஒரு கிலோ சொச்சம்.

திருப்பித் திருப்பி மோட்டரைத் தேடினேன். சிரிக்க வேண்டாம். முன்பு திருகோணமலையில் ஒரு வெளிநாட்டுப் பாய்மரப் படகில் வேலை செய்தேன். அதில் பெரிய பூசணிக்காய் மாதிரி வெள்ளைக் கூடு, உள்ளே டிஷ், அதைச் சுற்றி மூன்று மோட்டர், பெல்ட். படகு ஒரு பக்கம் சரிந்தால் டிஷ்ஷை மறுபக்கம் திருப்ப அவ்வளவும் வேண்டும். பெல்ட் ஒன்று அறுந்ததற்கு இரண்டு நாள் மினக்கெட்டோம். இந்தப் பலகையில் ஓர் ஆணி கூட அசையவில்லை.

நம்பாமல் முகத்துவாரம் தாண்டி வெளியே போய்ப் பார்த்தோம். வாடைக்காற்று தூக்கிப் போட்டது. தேத்தண்ணிக் கேத்தல் உருண்டு என் காலில் ஊற்றியது. படகை ஓட்டுகிற தண்டையலின் போனில் அவர் மகளின் முகம் மட்டும் ஆடாமல் நின்று "வாப்பா, மீன் பட்டதா?" என்று கேட்டது.

அதற்குள் நான் செய்த பிழைகளைச் சொல்லாமல் விட முடியாது. முதலில் மெல்லிய வயரைப் பன்னிரண்டு மீற்றர் இழுத்துவிட்டேன். இஞ்சின் ஸ்ரார்ட் பண்ணும் போதெல்லாம் பலகை செத்துச் செத்து எழும்பியது. மீற்றர் பிடித்தால் பற்றரியில் 12.4, பிளக்கில் 10.3. தடித்த வயர் மாற்றியதும் சரியானது. பிறகு வெயில். கூரையோடு ஒட்டிப் பூட்டியதால் நடுப்பகலில் சூடேறித் தானாக நின்றது. கீழே காற்றுப் போக நாலு விரல் உயர்த்தினேன். கடைசியில் கரையை விட்டு ஒரு தூரம் போனதும் லைன் போய்விட்டது. கட்டின பக்கேஜ் தரைக்கு மட்டும்தானாம்! விற்றவர் அதை வாய் திறந்து சொல்லவேயில்லை.

தண்டையல் "இனிச் செட் எதுக்கு, கழட்டு" என்றார். மாட்டேன் என்றுவிட்டேன். செட்டும், படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குக் காட்டும் கண்காணிப்புக் கருவியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

டிஷ் பூட்டுறவன், சாய்ந்தமருது

காக்கா, மோட்டரைத் தேடினது நீங்கள் மட்டுமில்லை. இருபது வருசம் ரிவி டிஷ் பூட்டின நானும் தேடினேன்.

களப்போரத்துக் கட்டின் மேல் இருபது பொடியன்கள் வரிசையாக இருந்து காலால் தண்ணீரை அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒன்றாக அடித்தால் அலை நேராகப் போகும். வடக்கே இருப்பவன் முதலில், அடுத்தவன் துளி பிந்தி, அதற்கடுத்தவன் இன்னும் துளி பிந்தி என்று அடித்தால் அலை தெற்கே சரிந்து போகும். ஒருவனும் இடம் மாறவில்லை, அலை மட்டும் திரும்பியது. பலகைக்குள் இருப்பது இதுதான். ஸ்ரார்லிங்கின் பெரிய பலகையில் ஆயிரத்துக்கும் மேல் குட்டி அன்ரனாக்கள். 12 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் இரண்டரை சென்ரிமீற்றர்தான், அதனால் அவ்வளவையும் நெருக்கி அடுக்க முடிகிறது. யார் எவ்வளவு பிந்த வேண்டும் என்பதைச் சிப் கணக்குப் பார்க்கிறது. செய்மதி 500 கிலோமீற்றர் அளவு உயரத்தில் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர் ஓடுகிறது. அதைத் துரத்துகிறதுக்கும் உங்கள் படகின் ஆட்டத்தைச் சரிக்கட்டுகிறதுக்கும் சிப் அந்தக் கணக்கை மாற்றினாலே போதும், மோட்டர் வேண்டாம்.

ஸ்ரார்லிங்க் இல்லாமல், ரிவி செய்மதியைப் பார்க்கிற தட்டைப் பலகை என்றால் நம்மூருக்கு ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. ரிவி செய்மதிகள் நிற்பது மத்தியகோட்டுக்கு மேலே, 35,786 கிலோமீற்றரில். நாம் இருப்பது வடக்கே ஏழு, எட்டுப் பாகையில். நம்முடைய நெடுங்கோட்டுக்குக் கிட்ட நிற்கும் செய்மதி உச்சியிலிருந்து பத்துப் பாகைக்குள் வந்துவிடும். பலகையைச் சும்மா கிடத்தினாலே போதும். லண்டனில் அதே மாதிரிக் கிடத்தினால் அறுபது பாகை அளவு சரிந்து பார்க்க வேண்டும், பலகையின் பரப்பில் பாதிதான் வேலை செய்யும். என் மச்சான் அங்கே இருக்கிறார், சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.

மாரியில் மட்டும் கவனம். கொட்டுகிற மழை இந்த அலையைத் தின்னும். தட்டையாகக் கிடந்தால் மேலே தண்ணீரும் நிற்கும், லேசாகச் சரித்துப் பூட்டுங்கள்.

வேன்காரன், மட்டக்களப்பு

என் கதை சின்னது. கொழும்பிலிருந்து வந்த ஒரு எஞ்சினியர் வேன் கூரையில் இப்படி ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் போகும் வழியெல்லாம் மீற்றிங்கில் இருந்தார். வயல்வெளியில் ஒரு குறையும் இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் மரம் கூடுகிற இடத்தில் மட்டும் விட்டு விட்டு வந்தது. புணானை தாண்டினதும் ரோட்டில் யானை. நிறுத்தினேன், நின்ற இடம் பெரிய மருதமரத்துக்குக் கீழே. மீற்றிங் போய்விட்டது. "கொஞ்சம் முன்னுக்கு எடுங்க அண்ணன்" என்கிறார். முன்னுக்கு யானை நிற்கிறது! பின்னுக்கு எடுக்கவும் வழியில்லை, லொறி. இருபது நிமிசம். யானை இலை தின்றது, நாங்கள் யானையைப் பார்த்தோம், அவருடைய மேலதிகாரி யாரையும் பார்க்கவில்லை.

அக்கரைப்பற்றான்

எல்லாம் சரி, விலை? முந்தி இது ஆமிக்காரர் சாமான் என்றார்கள்.

டிஷ் பூட்டுறவன், சாய்ந்தமருது

உண்மைதான். ஒவ்வொரு குட்டி அன்ரனாவுக்கும் தனி எலக்ட்ரோனிக் வேண்டியிருந்ததால் போர் விமானத்துக்கும் கப்பலுக்கும்தான் கட்டுப்படியானது. சாதாரண சிலிக்கன் சிப்பும் அச்சிட்ட சர்க்கிட் பலகையும் வந்த பிறகுதான் இறங்கியது. ஸ்ரார்லிங்க் தொடக்கத்தில் ஒரு பலகை செய்ய 3,000 டொலர் செலவழித்து 499 டொலருக்கு விற்றது. 2021இல் செலவு பாதியாகிவிட்டதாக அதை நடத்துகிற ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் தலைவி க்வின் ஷாட்வெல்லே சொன்னார். திரவப் படிகத்தால் அலையைத் திருப்புகிற கைமீற்றா நிறுவனம் மாதிரி வேறு வழிக்காரர்களும் இருக்கிறார்கள், அது நம்ம கைக்கு எட்டாது.

வாங்குகிறவர்கள் பற்றரியையும் கணக்குப் பாருங்கள். சின்னப் பலகை 30 வாட் இழுத்தால் நாளுக்கு 720 வாட்-மணி. 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணிப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் பாவித்தால் ஒரு நாளும் தாங்காது.

வயரிங்காரன், வாழைச்சேனை

நான் முதலில் சொன்ன படகு போன கிழமை மராமத்துக்கு ஏறியது. நேற்று முதலாளி போன் எடுத்தார். லைன் சுத்தமாக இல்லையாம், வயரைப் பார்க்கட்டாம். வயரில் ஒன்றுமில்லை. பெயின்ற் அடித்த பொடியன் கூரையோடு சேர்த்துப் பலகைக்கும் வெள்ளிநிற அலுமினியப் பெயின்ற் இரண்டு கோட் போட்டிருக்கிறான். துப்புரவாக, ஒரு ஓட்டை விடாமல்.

தின்னர் போட்டால் பிளாஸ்ரிக் முகம் உருகும் என்று பயமாக இருக்கிறது. யாராவது சுரண்டிப் பார்த்திருக்கிறீர்களா?