புதுப்பிப்பு: ஐஸ் போட்டதும் கலங்கிய இளம் சிங்கிள் மால்ட்

ஸ்கொட்லாந்தின் புதிய வடிசாலையொன்றிலிருந்து மச்சான் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்த சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த) விஸ்கி தொண்டையை எரித்து, ஐஸ் போட்டதும் கலங்கியதால், போலியோ எனச் சென்ற மாதம் கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. போலியன்று. போத்தலில் 3 வயது என்றிருந்தது. ஸ்கொச் விஸ்கிக்குச் சட்டம் கேட்கும் ஆகக்குறைந்த ஓக் பீப்பாய்க் காலமும் அதுவே. குளிர்வடிகட்டல் (குளிரவைத்து, கலங்கவைக்கும் பொருட்களை வடித்தெடுத்தல்) செய்யாத விஸ்கி, ஐஸ் உருகி மதுசாரம் 46 சதவீதத்துக்குக் கீழிறங்கிக் குளிரும்போது, அதிலுள்ள கொழுப்பமில எஸ்தர்கள் (எண்ணெய்த்தன்மையுள்ள சேர்மங்கள்) பிரிந்து கலங்கும் என்ற விளக்கமே பொருந்தியது. ஐஸ் இல்லாத குவளை தெளிவாகவே நின்றது.

எரிவுக்கு, ஊற்றி இருபது நிமிடம் விட்டபின் தேக்கரண்டியால் சில துளி நீர் சேர்க்கும் யோசனை பலித்தது: மூக்கில் அடித்த நெடி அடங்கி, பேரிக்காயும் வறுத்த தானியமும் மணத்தன. எதிர்பாராதது தண்ணீர்தான், எங்கள் கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீர் நாக்கில் ஓர் உவர்ப்பை விட்டது, போத்தல் தண்ணீரில் அது இருக்கவில்லை.