மறு: 'டீகமாடிஃபிகேஷன்' – பண்டநீக்கம் போதுமா?

அன்புள்ள ஐயா, குழு நண்பர்களே,

சமூகவியலில் வரும் 'டீகமாடிஃபிகேஷன்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். முதுமை, நோய், வேலையின்மைக் காலங்களில் மக்களைத் தாங்கும் நல அரசின் உதவியால், ஒருவர் தன் உழைப்பைச் சந்தையில் விற்காமலும் பிழைத்திருக்க முடிவதை அது குறிக்கிறது. ஒரு நண்பர் எழுதியது:

> கமாடிட்டி என்றால் பண்டம், 'டீ' என்றால் நீக்கம். பண்டநீக்கம் என்றே வைத்துவிடலாமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பில் 'பண்டநீக்கம்' என்று போட்டால், ரேஷன் கடையில் இனிமேல் பருப்பு கிடையாது என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் காதில் அவ்வளவு ஊறிப்போன பெயர். இன்னொரு நண்பர் தந்த 'சரக்குநீக்கம்' மதுவிலக்குத் துறைக்கு நன்றாகப் பொருந்தும். மார்க்சிய மொழிபெயர்ப்புகளில் சரக்கு மதிப்போடு வழங்கும் சொல் என்பது தெரியும். தெருவில் அதன் நிலைமை வேறு.

சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அது எதை அளக்க வந்தது என்று பார்ப்போம். டென்மார்க்கைச் சேர்ந்த சமூகவியலாளர் யோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன் 1990இல் 18 நாடுகளின் நல அரசுகளை ஒப்பிட்டார். எந்த அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. ஒரு தொழிலாளி தன் உழைப்பை விற்க முடியாமல் போகும்போது, எவ்வளவு காலம், எந்தத் தரத்தில் பிழைத்திருக்க முடியும் என்று கேட்டார். முதுமை, நோய், வேலையின்மை ஆகிய மூன்றுக்கும் கணக்குப் போட்டார். சம்பளத்தில் எத்தனை பங்கு உதவித்தொகையாகக் கையில் வரும்? அதைப் பெற எத்தனை காலம் வேலை பார்த்திருக்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும்? முதல் தொகை வரும்வரை எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? எத்தனை வாரம் தொடரும்? எவ்வளவு பேர் அதன் வரம்புக்குள் வருகிறார்கள்? இவற்றையெல்லாம் சேர்த்து வந்த மதிப்பெண்கள், 1980 நிலவரப்படி: ஸ்வீடன் 39.1, ஜெர்மனி 27.7, அமெரிக்கா 13.8, ஆஸ்திரேலியா 13.0.

'நீக்கம்' இங்கேதான் தடுக்கிறது. நீக்கினால் நீங்கிவிட வேண்டும், 13.0 அளவுக்கு நீக்கம் என்று எப்படிச் சொல்வது? ஸ்வீடனில்கூட உழைப்பு விற்பனைக்கு இல்லாமல் போய்விடவில்லை. அங்கேயும் மாதச் சம்பளத்தை நம்பித்தான் வீட்டு வாடகை. சந்தையின் பிடி மட்டும் தளர்ந்திருக்கிறது. அதுவும் ஒரேயடியாகத் தளர்ந்து அப்படியே நின்றதில்லை. நோய் விடுப்பில் முதல் நாளுக்கு ஊதியம் இல்லை என்ற விதியை 1987இல் எடுத்தார்கள், 1993இல் நெருக்கடியின்போது திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு நாள்தான். ஆனாலும் காய்ச்சலோடு வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதை அந்த ஒரு நாள் தீர்மானிக்கும்.

ஆகவே என் முன்மொழிவு: சந்தைச்சார்பு தளர்வு.

இதன் பெரிய வசதி, எதிர்ச்சொல் தானாகவே கிடைத்துவிடுகிறது: இறுக்கம். தளர்ந்த பிடி மீண்டும் இறுகுவதைக் குறிக்கும் ரீகமாடிஃபிகேஷனுக்கு 'மறுபண்டமயமாக்கல்' என்று வாய் வலிக்கச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைக் குடும்பங்களுக்கு மைய அரசின் நிதியிலிருந்து தரும் ரொக்க உதவிக்கு வாழ்நாளில் 5 ஆண்டு வரம்பு வைத்து, வேலை நிபந்தனையும் சேர்த்தது: இறுக்கம். ஜெர்மனியில் நீண்டநாள் வேலையில்லாதோருக்குப் பழைய சம்பளத்தை ஒட்டி உதவி வந்துகொண்டிருந்தது; 2005இல் ஹார்ட்ஸ் சீர்திருத்தம் அதைச் சமூக உதவியோடு இணைத்து, எல்லோருக்கும் ஒரே அடிப்படைத் தொகை என்று ஆக்கியது. அதுவும் இறுக்கம். வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள், விளக்கக் குறிப்பு இல்லாமலே ஓடும்.

> பண்டம் என்ற சொல்லை விட்டால் போலன்யி கைவிட்டுப் போய்விடுவாரே?

நியாயமான கவலை. 1944இல் பொருளாதார வரலாற்றாளர் கார்ல் போலன்யி சொன்னது, உழைப்பும் நிலமும் பணமும் விற்பதற்கென்று உண்டானவை அல்ல, அவற்றைப் பண்டமாகப் பாவிப்பது ஒரு கற்பிதம் என்று. 1795இல் இங்கிலாந்தின் ஸ்பீன்ஹாம்லாந்தில் ரொட்டி விலையைப் பார்த்துக் கூலிக்கு மேல் படி கொடுத்த ஏற்பாடும், 1834ஆம் ஆண்டின் புதிய ஏழையர் சட்டம் அந்தப் போக்குக்கு முடிவுகட்டியதும் அவருக்கு முக்கியமான சாட்சிகள். அந்த வரலாற்றுக்குப் 'பண்டமாதல்' இருக்கட்டும். உழைப்புக்கு நேர்ந்தது பண்டமாதல். உழைப்பவரின் நிலைமை சந்தைச்சார்பு. இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் இல்லாமல் போவது இழப்புதான். ஏற்கிறேன்.

ஆஸ்திரேலியாவை வைத்துச் சொல்லைச் சோதிக்கலாம். கடைசி இடத்தில் 13.0 வாங்கியதும் அங்கேயிருந்து எதிர்ப்பு வந்தது, காரணத்தோடுதான். 1907இல் ஹார்வெஸ்டர் வழக்கில் நீதிபதி ஹிக்கின்ஸ், கைத்திறன் பயிலாத தொழிலாளிக்கும் நாளுக்கு 7 ஷில்லிங் கூலி தரவேண்டும் என்றார். முதலாளிக்கு எவ்வளவு கட்டுப்படி ஆகும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மனைவி மக்களோடு சிக்கனமாக, ஆனால் மானத்தோடு வாழ எவ்வளவு வேண்டும் என்பதுதான் அளவுகோல். அதன்பின் அந்த நாடு பாதுகாப்பைக் கூலிக்குள்ளேயே வைத்தது. ஓய்வூதியம் வசதி பார்த்துக் கொடுக்கும் சிறு தொகையாக நின்றது. இதைப் 'பண்டநீக்கம் குறைவு' என்றால் ஏதோ கொடுமை நடந்ததுபோலத் தொனிக்கிறது. 'சந்தைச்சார்பு தளரவில்லை, ஆனால் சந்தையில் விலை நல்ல விலை' என்றால் நடந்தது அப்படியே வந்துவிடுகிறது. எஸ்பிங்-ஆண்டர்சனின் அட்டவணை எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கத் தவறுகிறது என்பதும் இதில் தெரிகிறது.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. கூலி கணவன் கையில். மனைவி அவனைச் சார்ந்தவள் என்பது கணக்கிலேயே எழுதப்பட்டுவிட்டது. 1990களில் ஆன் ஓர்லாஃப் முதலிய பெண்ணியர்கள் எழுப்பிய கேள்வியும் இதையொட்டியதே: உழைப்பை விற்கும் வாய்ப்பே கிடைக்காத பெண்ணுக்கு, எதிலிருந்து தளர்வு? முதலில் அவள் சந்தைக்குள் நுழைய வேண்டுமே. அப்படிப் பிறந்த டீஃபமிலியலைசேஷனுக்கு, அதாவது குடும்பத்தைச் சார்ந்திராமல் வாழ முடிவதற்கு, குடும்பச்சார்பு தளர்வு என்று போட்டால் இரண்டும் ஜோடியாக நிற்கும். தாய்க்கு மட்டும் என்றிருந்த பேறுகால உதவியை ஸ்வீடன் 1974இல் தந்தைக்கும் உரிய பெற்றோர் காப்பீடாக மாற்றியதை விளக்க இந்தச் சொல் வேண்டும். 'குடும்பநீக்கம்' என்று எழுதினால் விவாகரத்து வழக்கு மாதிரி இருக்கும்.

தளர்வு என்றால் சோர்வு என்றும் பொருள் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. ஆனால் ஊரடங்குத் தளர்வு என்று நாளிதழ்கள் எழுதியபோது யாரும் ஊரடங்கு களைத்துப்போய்விட்டது என்று நினைக்கவில்லை.

நல அரசா, நலன்புரி அரசா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. இலங்கை நண்பர்களுக்கு நலன்புரி பள்ளிப்பாடத்திலேயே பழகிய சொல். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னும் கையில் ஒட்டிக்கொண்டிருப்பது 'கார்ப்பரேட்டிஸ்ட்'. ஜெர்மன் வகை நல அரசுக்குரிய இந்த அடையைப் 'பெருநிறுவன' என்று சிலர் எழுதுகிறார்கள், அது முழுத் தவறு. 1883இல் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் தொடங்கிய நோய்க் காப்பீட்டில் தொழிலுக்கு ஒரு நிதி, அந்தஸ்துக்கு ஒரு நிதி என்று பிரிந்து நின்ற அமைப்பைத்தான் அது சுட்டுகிறது. கம்பெனிகளுக்கும் அதற்கும் உறவில்லை. 'தொழிற்குழுவழி' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள். இந்த இழை ஏற்கெனவே நீண்டுவிட்டது.