கரையில் நின்று தூண்டில் போட உங்களுக்கு யார் கற்றுத் தந்தார்கள்?

வெருலம்காரன்:

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உம்லோட்டிக் கரையில் ஒரு தாத்தாவிடம் தூண்டில் போடக் கற்றுக்கொண்டேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். நீங்களும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். என் கையில் பதினான்கு அடி ராடு (தூண்டில் கழி) இருந்ததைப் பார்த்தவர், "அது இருக்கட்டும் தம்பி. அமாவாசை முடிஞ்ச மறுநாள் காலையில வெறுங்கையோட வா, தண்ணியைப் பாக்கலாம்" என்றார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நம் கரையில் காலை பத்து மணி வாக்கில் கடல் நன்றாக வற்றும். அந்த நேரத்தில் கடலடியில் எது மேடு, எது பள்ளம் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கரைக்கு இணையாக ஒரு வாய்க்கால், அதற்கு அப்பால் மணல் திட்டு, திட்டு அறுந்த இடத்தில் ஒரு ஆழமான குழி. தண்ணீர் ஏறிய பிறகு அதே இடத்தை எப்படி அடையாளம் காண்பது என்பதையும் காட்டினார். அலை உடைந்து வெள்ளையாக வந்தால் அடியில் மேடு. அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தால் அங்கே பள்ளம். ஏற்றத்தோடு மீன் அந்த வாய்க்கால் வழியாகத்தான் மேய வருகிறது. பெரும்பாலும் முப்பது மீட்டருக்குள்ளேயே! எல்லோரும் தொண்ணூறு மீட்டர், நூறு மீட்டர் என்று வீசுகிறோம், மீன் நம் காலடியில் மேய்கிறது.

எந்தப் படிக்கட்டுக்கு நேர், எந்த மரத்துக்கு நேர் என்று குழியைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். பெரிய அலை அடித்து ஓய்ந்தால் மணல் இடம் மாறிவிடும், அப்போது திரும்பவும் போய்ப் பார்க்க வேண்டும்.

இரையும் கடையில் வாங்கவில்லை. அலை பின்வாங்கும்போது ஈர மணலில் சின்னச் சின்னதாக ஆங்கில 'V' மாதிரி சுழிப்பு தெரியும் இடத்தில் இரண்டு கையாலும் தோண்டினால் சீ லைஸ் கிடைக்கும், நண்டு இனம். சின்ன முள்ளில் கோத்து, மெல்லிய எலாஸ்டிக் நூலால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஈயமும் லேசானதுதான், தண்ணீரோடு உருண்டு போய்க் குழியிலேயே நிற்கும். மதியம் ஏற்றத்தில் திரும்பிப் போனோம். கரண்டீன், ஸ்டம்ப்நோஸ் என்று வரிசையாகக் கடித்தன. இங்கே இதை ஸ்கிராட்சிங் என்பார்கள். பெரிய மீன்காரர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மீன் கடிப்பது விரலுக்குத் தெரிவது இப்படி ஆரம்பித்தால்தான் என்பது என் எண்ணம்.

பேச்சுவாக்கில் தாத்தா இன்னொன்றும் சொன்னார். அவர் இளைஞராக இருந்தபோது எந்தக் கரையில் எந்த நிறத்தவர் நிற்கலாம் என்று பலகை இருக்கும். 1953 சட்டம், 1990இல்தான் நீக்கினார்கள். தன் அப்பா தெற்கே உள்ள பல குழிகளைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி என்றார். அவர் இப்போது யார் வந்து கேட்டாலும் சொல்லிக் கொடுக்கிறார்.

ஃபீனிக்ஸ் அக்கா:

மீனைப் பிடிப்பதைச் சொன்னீர்கள் தம்பி, பிடித்த மீனைத் தொடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். புளூ லகூன் பக்கம், உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தில், கலங்கல் தண்ணீரில் என் கணவருக்கு ஒரு பார்பெல் கிடைத்தது. மீசை வைத்த கெளுத்தி இனம். முதுகிலும் இரண்டு பக்கச் செட்டையிலும் விஷ முள் இருக்கும். கழற்றும்போது அவர் உள்ளங்கையில் ஏறிவிட்டது. வலி தோள் வரைக்கும் போனது, மனுஷர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஜூலு அம்மா ஓடிவந்தார். தன் பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரை வாளியில் ஊற்றி, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் என் கணவரின் கையை அமிழ்த்தினார். பொறுக்கக்கூடிய சூடு, தோல் வேகக் கூடாது. வலி மெல்ல இறங்கியது. முள்ளின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம் என்று அவரே டாக்டரிடமும் அனுப்பினார். அன்றிலிருந்து நாங்கள் பிளாஸ்க், நீள மூக்குக் குறடு, பழைய துணி மூன்றும் இல்லாமல் போவதில்லை. அந்த அம்மாவை இப்போதும் அங்கே பார்ப்போம், வடை கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இசிபிங்கோ:

ஷாட் என்ற மீனைப் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாலு மீன். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் பிடிக்கவே கூடாது, அது முட்டையிடும் காலம். நம் வீடுகளில் பாதிப் பேர் புரட்டாசிக்கு மீன் தொடாத நாட்களிலேயே தடையும் தொடங்கிவிடுகிறது, அதனால் எங்கள் வீட்டில் யாரும் முணுமுணுப்பதில்லை. ஒரு நாள் அதிகாரி வந்து எங்கள் வரிசையில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து அளவுகோல் வைத்துப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த மீன் என் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் ஷாட் நன்றாகக் கடிக்கும். இரைக்கு சார்டின் துண்டு. பல் கூர்மை, தூண்டில் நரம்பை அறுத்துவிடும், அதனால் நீளத் தண்டு முள் போடுங்கள். பிடித்த உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடித்துப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். சதை மெதுவானது, வெயிலில் கிடந்தால் குழைந்து போகும். அப்புறம் எவ்வளவு புளி கரைத்துக் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாலும் ருசி வராது.

சாட்ஸ்வொர்த் அப்பா:

கோடையில் பெரிய சாண்ட்ஷார்க், அதாவது திருக்கை இன மீன், கரையோரம் வரும். என் மகன் தூண்டிலில் ஒன்று மாட்டி முக்கால் மணி நேரம் இழுத்தது. பக்கத்தில் இருந்த நாலு பேர் தங்கள் தூண்டிலைச் சுற்றி எடுத்து வழிவிட்டார்கள். வளைந்த சர்க்கிள் முள் என்பதால் வாயோரத்தில் மட்டும் குத்தியிருந்தது, கழற்றுவது சுலபமாக இருந்தது. வாலைப் பிடித்துத் தூக்கினால் அதன் உடம்பு தாங்காது, ஈர மணலிலேயே வைத்துக் கழற்றி, அடுத்த அலையில் திருப்பி அனுப்பினோம்.

ஒரு கேள்வி. இப்போது பன்னிரண்டு வயது மகளும் வருகிறேன் என்கிறாள். வீட்டில் இருப்பது மல்டிப்ளையர் ரீல். அதையே கொடுக்கலாமா?

வெருலம்காரன்:

வேண்டாம் அண்ணா. சுழலும் உருளையை விரலால் அடக்கத் தெரியாவிட்டால் நரம்பு மொத்தமும் சிக்கிக்கொள்ளும், பிள்ளைக்கு வெறுத்துப் போகும். பத்து அடி ராடும், வீசும்போது உருளை சுழலாத கிரைண்டர் ரீலும் போதும். வாய்க்காலுக்குள் போடுவதற்கு அதுவே அதிகம். மீன்பிடி உரிமம் தபால் நிலையத்தில் கிடைக்கும், போகும் முன் வாங்கிவிடுங்கள். அமாவாசைக்கு மறுநாள் பத்து மணிக்கு உம்லோட்டிக்குக் கூட்டி வாருங்கள், தாத்தா அங்கேதான் இருப்பார்.