கொலாஜனில் குறுக்குப் பிணைப்பு: வலுவா, கேடா?

உயிர்வேதி மாணவி

வணக்கம். உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றைத் தாங்கும் இழைப் புரதமான கொலாஜன் பற்றிய பாடத்தில், புரோலின் என்ற அமினோ அமிலம் ஹைட்ராக்ஸிபுரோலினாக மாறும் ஹைட்ராக்ஸிலேற்றம் தெளிவாகவே புரிந்தது. வைட்டமின் சி இல்லாவிட்டால் நொதியிலுள்ள இரும்பு செயலிழக்கிறது. ஹைட்ராக்ஸிபுரோலின் இல்லாத முச்சுருள் (மூன்று புரதச் சங்கிலிகள் முறுக்கிய கொலாஜன் மூலக்கூறு) சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடுவதால் உடல் வெப்பத்தில் நிற்பதில்லை. அதனால்தான் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியில் ஈறுகளில் இரத்தம் கசிகிறது. என்னைக் குழப்புவது, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குப் பிணைப்புதான். லைசில் ஆக்ஸிடேஸ் என்ற நொதி உண்டாக்கும் பிணைப்பு தசைநாணுக்கு வலுவூட்டுகிறது என்கிறார்கள். சர்க்கரை உண்டாக்குவது இரத்தக்குழாயை விறைக்கச் செய்கிறது என்கிறார்கள். குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள் உண்டாக்குவதோ விலங்குத் திசு வால்வை மனித இதயத்தில் பொருத்த வழிசெய்கிறது. மூன்றும் லைசின் என்ற அமினோ அமிலத்தைத்தானே பிடிக்கின்றன? விளைவு மட்டும் ஏன் இவ்வளவு மாறுகிறது? பிணைப்புகளின் எண்ணிக்கைதான் காரணமா?

திசு ஆய்வாளர்

எண்ணிக்கைக்கும் பங்கு உண்டு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இடம். லைசில் ஆக்ஸிடேஸ் கண்ட லைசினையெல்லாம் தொடுவதில்லை. கொலாஜன் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ கால்பங்கு தள்ளி அடுக்கப்பட்டு இழையாகத் திரளும்போது, முச்சுருளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைப் பகுதிகளிலுள்ள லைசினை அது ஆல்டிஹைடாக மாற்றுகிறது. அதற்கு நேரெதிரே, பக்கத்து மூலக்கூறின் சுருளில், இணைவதற்கு ஏற்ற இன்னொரு லைசின் அமைந்திருக்கிறது. ஆக, பிணைப்பு விழும் இடங்கள் சிலவே, அவையும் அடுக்கின் அமைப்பாலேயே தீர்மானிக்கப்பட்டவை. செல்கள் பற்றிக்கொள்ளும் இடங்களும், பழைய கொலாஜனை நொதிகள் வெட்டும் இடமும் அப்படியே இருக்கின்றன.

இந்தப் பிணைப்பு தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்டியோலேத்தைரிசம் என்ற நோய் சான்று. ஸ்வீட் பீ செடியின் விதைகளை உண்ட எலிகளுக்கு முதுகெலும்பு வளைகிறது, பெருந்தமனி வலுவிழக்கிறது. விதையிலுள்ள நச்சு அந்த நொதியை முடக்குவதே காரணம். (கேசரிப் பருப்பால் வரும் கால் முடக்கம் இதுவன்று, அது நரம்பைத் தாக்கும் வேறொரு நச்சு.)

குளுக்கோஸுக்கு இத்தகைய ஒழுங்கு எதுவும் கிடையாது. நொதியின் துணையின்றி லைசினின் அமினோ தொகுதியில் ஒட்டிக்கொண்டு, பல மாற்றங்களுக்குப் பின் அருகிலுள்ள ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தையும் சேர்த்துப் பிடித்து, குளுக்கோசெப்பேன் என்ற பிணைப்பாக முடிகிறது. செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற புரதம் கொலாஜனைப் பற்றும் வரிசையிலும் ஆர்ஜினின் உண்டு. அது மாறிவிட்டால் செல்லின் பிடி தளர்கிறது. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும் இயல்பும் குறைகிறது. நெடுநாள் நீரிழிவுள்ள சிலரைக் கைகூப்பச் சொல்லிப் பாருங்கள்: உள்ளங்கைகளும் விரல்களும் முழுதாக ஒட்டாமல் நடுவே இடைவெளி தெரியும். விரல் மூட்டுகளைச் சுற்றிய தோலும் திசுவும் விறைத்துப்போனதன் அடையாளம் அது.

வால்வுப் பொறியாளர்

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். குளுட்டரால்டிஹைடைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதை நன்மையின் பக்கம் வைத்துவிட்டீர்கள். 1960களின் பிற்பகுதியில் பாரிஸில் இதய அறுவை மருத்துவர் அலென் கார்ப்பென்டியே இதைக் கையாண்ட பிறகுதான் பன்றி வால்வு மனித உடலில் ஆண்டுக்கணக்கில் தாங்கியது. பிணைப்பு ஏறிய திசுவை நம் எதிர்ப்பாற்றல் எளிதில் அடையாளம் காண்பதில்லை, நொதிகளாலும் கரைக்க முடிவதில்லை. ஆனால் அது உயிரற்ற திசு. தேய்ந்ததைப் புதுப்பிக்க அதில் செல்கள் இல்லை. வினைபுரியாமல் எஞ்சிய ஆல்டிஹைடும் இறந்த செல்களின் கொழுப்புப் படலமும் கால்சியத்தை ஈர்த்து, இதழ்கள் மெல்ல மெல்லக் கல்லாகின்றன. அறுவை அரங்கில் வால்வைப் பொருத்துமுன் உப்புநீரில் பலமுறை அலசுவது அந்த எச்சத்தைக் குறைக்கத்தான். இளம் வயதினருக்குக் கால்சியம் விரைவாகப் படிகிறது. அதனால்தான் அவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கை இயந்திர வால்வைப் பரிந்துரைக்கிறார்கள், வாழ்நாள் முழுவதும் இரத்த உறைவெதிர் மாத்திரை தேவைப்பட்டாலும்கூட.

ராணிப்பேட்டை தோல் வேதியியலாளர்

லைசினை மட்டும் வைத்துப் பார்ப்பதே குழப்பத்துக்கு வழி. நாங்கள் குரோம் பதனிடும்போது குரோமியம் லைசினைத் தொடுவதேயில்லை. அஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் அமிலங்களின் கார்பாக்சில் தொகுதிகளைப் பிடிக்கிறது. ஆவாரம்பட்டையின் டானின்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டுகின்றன. பச்சைத்தோல் 60 டிகிரியைக் கடந்ததும் சுருங்கிவிடும்; பட்டை போட்ட தோல் 80 டிகிரி அளவில் சுருங்கும்; நன்கு குரோமேறிய நீலத்தோலிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டால் ஓரம்கூடச் சுருளாது. தொட்டியிலிருந்து எடுக்கலாமா என்பதை அந்தத் துண்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். செருப்புத் தோலுக்குச் சிதையாமையே பெருமை. உயிருள்ள திசுவுக்கோ சிதைந்து புதிதாவதும் வேண்டும்.

உயிர்வேதி மாணவி

அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒரே ஐயம்: நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால், ஹெச்பிஏ1சி (சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் அளவு) குறைவதைப் போலக் கொலாஜனில் ஏறிய சர்க்கரையும் இறங்கிவிடுமா?

திசு ஆய்வாளர்

இறங்காது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழையவை போய்ப் புதியவை வருவதால் ஹெச்பிஏ1சி சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. தோல் கொலாஜனின் அரை ஆயுளோ ஏறத்தாழ 15 ஆண்டுகள், குருத்தெலும்பினுடையது 100 ஆண்டுகளுக்கும் மேல். தொடக்கநிலையில் ஒட்டிய சர்க்கரை ஓரளவு மீளக்கூடியது. குளுக்கோசெப்பேனாகிவிட்ட பிறகு மீட்சி இல்லை. 1993இல் முடிவு வெளியான டிசிசிடி என்ற பெரிய நீரிழிவு ஆய்வில் பங்கேற்றவர்களிடம் எடுத்த தோல் மாதிரிகளை ஆராய்ந்தபோது, கொலாஜனில் ஏறியிருந்த சர்க்கரை விளைபொருள்களின் அளவு, பின்னாளில் அவர்களுடைய விழித்திரையும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டதோடு தொடர்புடையதாக இருந்தது. முதல் சில ஆண்டுகளிலேயே சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தச் சொல்வதற்கு இதைவிட வலுவான வேதியியல் காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.