புதுப்பிப்பு: மாட்ரிட்டிலிருந்து எஸ்கோரியல், செகோவியா – அம்மாவுடன் போய் வந்தோம்

முழங்கால் வலி உள்ள அம்மாவை, ஸ்பெயினில் மாட்ரிட்டுக்கு அருகே இருக்கும் எஸ்கோரியல் என்ற அரண்மனை மடாலயத்துக்கு ரயிலில் கூட்டிப் போவதா, பேருந்திலா, திங்கட்கிழமை எங்கே போவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பேருந்து என்று சொன்னவர்களின் யோசனைதான் கைகொடுத்தது. ரயில் நிலையம் கீழே இருப்பதால் அங்கிருந்து மேடு ஏற வேண்டும். மாட்ரிட்டின் மொன்க்ளோவா பேருந்து நிலையத்தில் கிளம்பும் 661, 664 பேருந்துகள் மேலே ஊருக்குள்ளேயே விடுகின்றன. கொஞ்ச தூரம்தான் நடை.

எதிர்பாராதது உள்ளே இருந்த படிகள். அரசர்களின் கல்லறை மண்டபத்துக்குப் பளிங்குப் படிகளில் நெடுக இறங்க வேண்டும், அம்மா மேலேயே இருந்துவிட்டார். ஆனால் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் படுக்கையறையை நிதானமாகப் பார்த்தார். 1563 முதல் 1584 வரை இவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டியவர், படுத்தபடியே தேவாலயப் பீடம் தெரிகிற ஒரு சின்ன அறையில் வாழ்ந்திருக்கிறார். எனக்கு அந்த அறைதான் மனதில் நிற்கிறது. ஊர் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மாட்ரிட்டைவிடக் குளிர் அதிகம், சால்வை அவசியம்.

திங்களன்று எஸ்கோரியல், அரான்ஹுவெஸ், லா கிராஞ்ஹா அரண்மனைகள் மூடியிருக்கும். அதனால் அன்றைக்கு செகோவியா நகரம் என்ற யோசனையும் சரியாக அமைந்தது. அங்கே கோட்டை திறந்திருந்தது. சாந்தே இல்லாமல் அடுக்கிய ரோமானியர் கால்வாய்ப் பாலத்தை எந்நேரமும் பார்க்கலாம். மாட்ரிட்டின் சமார்டின் ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம். செகோவியா நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, 11ஆம் எண் பேருந்து பாலத்தடியில் இறக்கிவிடும்.