ஒரு இலை மட்கிடுச்சு, இன்னொண்ணு அப்படியே கிடக்கு. ஏன்?

சருகுமேடு:
மரத்தடியில இலைகளைக் குவிச்சு வச்சிருக்கேன். கிளைரிசிடியா இலை சீக்கிரமே மண்ணோட மண்ணாப் போயிடுச்சு. பக்கத்துல கிடக்குற தேக்கு இலை இன்னும் சருகாவே இருக்கு. புரட்டினா அடியில வெள்ளையா நூல் நூலா ஓடுது. சில இடத்துல இலை வெளுத்துப்போய் திட்டுத்திட்டா இருக்கு. இது நோயா? வேருக்குப் பரவுமா? நுண்ணுயிர்க் கரைசல் ஏதாவது தெளிக்கலாமா?

மண்வாசி:
பயப்படாதீங்க, அது சருகைத் தின்னுற பூஞ்சை. ஒரு இழை பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர் தடிமன்தான். நீங்க பார்க்குற நூல், பல இழைகள் ஒண்ணாச் சேர்ந்தது. பூஞ்சைக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல. நொதியை வெளியே விட்டு, இலையை இருந்த இடத்துலயே கரைச்சு உறிஞ்சிக்கும்.

சர்க்கரை மாதிரி தண்ணியில கரையுறது முதல்ல போயிடும். அதுக்கு பாக்டீரியாவும் வேகமா வளருற பூஞ்சைகளும் போட்டி போடும். அடுத்து செல்லுலோஸ், அதாவது செல் சுவரோட நார்ப்பொருள். கடைசியா மிஞ்சி அடம்பிடிக்கிறது லிக்னின், இலைக்கும் மரத்துக்கும் விறைப்பு தர்ற பொருள். அதை முழுசா உடைக்கிறதுல வெண்ணழுகல் பூஞ்சைகள்தான் கெட்டி. மாங்கனீஸ் பெராக்சிடேஸ், லாக்கேஸ் மாதிரி நொதிகள் அதுங்க கையில இருக்கு. பழுப்பு நிறப் பொருளும் லிக்னினும் சிதையச் சிதைய இலை வெளுக்கும். உங்க திட்டு அதுவாத்தான் இருக்கணும்.

வேக வித்தியாசத்துக்கு இன்னொரு காரணம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். நுண்ணுயிர் உடம்புல கார்பனும் நைட்ரஜனும் சுமார் 8-க்கு 1. தின்ன கார்பன்ல பெரும்பகுதி மூச்சுல கரியமில வாயுவாப் போயிடுறதால, 25-க்கு 1 பக்கம் இருக்குற இலை அதுங்களுக்குத் தோதா இருக்கும். கிளைரிசிடியா அவரைக் குடும்பம், தழைச்சத்து தாராளம். மரத்தூளோ 300-ஐத் தாண்டும். பற்றாக்குறை வந்தா நுண்ணுயிர்கள் மண்ணுல இருக்குற நைட்ரஜனை இழுத்துக்கும். அதனால மட்காத சருகை வேர்ப்பகுதியில புதைக்காதீங்க, செடி மஞ்சளடிக்கும். மேலாக மூடாக்காப் போட்டா அந்தத் தொல்லை குறைவு.

கரைசல் வேண்டாம்னுதான் சொல்வேன். இலை மரத்துல இருக்கும்போதே பூஞ்சை அதுல குடியேறிடுது. உங்க குவியலுக்குக் குறைச்சல் ஈரம்தான்.

களைவெட்டி:
அப்போ யூரியா கரைச்சுத் தெளிச்சா தேக்கும் சீக்கிரம் மட்குமா?

மண்வாசி:
தொடக்கத்துல வேகம் பிடிக்கும். லிக்னின் கட்டத்துல பல நேரம் தலைகீழா நடக்கும். வெண்ணழுகல் பூஞ்சைகள்ல சிலது நைட்ரஜன் தட்டுப்பாடு வந்தாத்தான் லிக்னின் நொதியையே சுரக்கும். கிளைரிசிடியாவையும் தேக்கையும் மாத்தி மாத்தி அடுக்குறது போதும். நாத்தம் அடிச்சா காத்து போகலன்னு அர்த்தம், கிளறி விடுங்க. மழை பெய்ஞ்ச மண்வாசம் வந்தா, அந்த வாசத்தைத் தர்ற ஆக்டினோபாக்டீரியாங்கிற மண் பாக்டீரியா நல்லா இருக்குன்னு விட்டுடலாம்.

நுணல்:
பூச்சிகளையும் மறந்துடாதீங்க. ஒரே இலையை எடைபோட்டு ரெண்டு நைலான் வலைப்பையில கட்டிப் போடுங்க. ஒண்ணு பெரிய கண்ணு வலை, இன்னொண்ணு 0.1 மி.மீ. கண்ணு. சின்னதுல ஸ்பிரிங்டெயில்ங்கிற துள்ளுற குட்டிப் பூச்சியும் சிலந்திப்பேனும் நுழையாது. சில மாசம் கழிச்சுக் காயவச்சு எடை பாருங்க, அதுங்க நறுக்கிக் கொடுத்த பங்கு எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்.